இரண்டாவது அழைப்பு

(நாக்பூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கல்வியைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம், எந்தப் பரீட்சைக்கு எப்படித் தயார் செய்யலாம் என்று சொல்வதற்கு இங்கே என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மத்திய அரசுப் பள்ளிகளில், ஆறு ஊர்களில், முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்த அனுபவத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, குழந்தையின் வீட்டாரும் அதன் ஆசிரியரும் ஒருவரையொருவர் மனிதர்களாக அறிந்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு என்று எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வகுப்பில் 40 குழந்தைகள். காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை சந்திப்பு, அதாவது 180 நிமிஷம். ஒரு குடும்பத்துக்கு நாலரை நிமிஷம் கிடைக்கிறது. அதில் ஒரு நிமிஷம் கையெழுத்துப் போடப் போய்விடும். மிச்ச நேரத்தில் மார்க்கைத் தவிர வேறு எதைப் பேச முடியும்? உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். "வீட்டில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பையன் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை" என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். "உங்கள் பெண் ஒரு மாதமாக யாருடனும் பேசுவதில்லை" என்று ஆசிரியரும் அத்தனை பேர் காதில் விழும்படி சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியது இருவர் மனத்திலும் அப்படியே இருக்க, மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

சட்டம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, குழந்தையின் வருகையையும் முன்னேற்றத்தையும் எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. 2016 ஜூலையில் டில்லி அரசுப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர் சந்திப்பு நடத்தினார்கள். அதுவரை பள்ளியின் உள்ளே கால் வைக்காத பெற்றோர்கூட வந்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் சட்டத்தாலும் சுற்றறிக்கையாலும் கூட்டம் நடத்த முடியுமே தவிர, பழக்கத்தை உண்டாக்க முடியாது. அதை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு இது புதிது இல்லை. உ.வே. சாமிநாதையரின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர், பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யார் கிடைப்பார்கள் என்று தேடி, அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தோடு போனார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகைப் பாடம் சொன்னார். இனி மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிப்பதுதான் இந்தப் பிள்ளைக்கு நல்லது என்று யோசனை சொன்னவரும் அந்த ரெட்டியார்தான். 1871-ல் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்தார் ஐயர். அதன் பிறகு நடந்தது தமிழுக்கே கிடைத்த பாக்கியம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. தன் மாணவனை இன்னொரு ஆசிரியரிடம் அனுப்பு என்று ஓர் ஆசிரியர் மனம் திறந்து சொல்கிறார். தகப்பனார் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேட்கிறார். பழகிய பழக்கம் இருந்தால்தான் அப்படிச் சொல்லவும் முடியும், கேட்கவும் முடியும். இரண்டாவது, ரெட்டியாரும் சரி, பிள்ளையும் சரி, அந்தக் குடும்பத்தின் ஜாதிக்காரர்கள் இல்லை. ஆசாரத்தில் ஊறிய ஒரு குடும்பம், வித்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் போயிற்று.

இன்னொரு சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அப்துல் கலாம் தம் "அக்னிச் சிறகுகள்" நூலில் எழுதியிருக்கிறார். ராமேஸ்வரம் ஆரம்பப் பள்ளியில் அவருக்கு விஞ்ஞானப் பாடம் எடுத்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். ஒரு நாள் அவர் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவருடைய மனைவி மடி ஆசாரம் பார்ப்பவர். ஒரு முஸ்லிம் பையனுக்குத் தம் சமையலறையிலிருந்து பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை. தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, அடுத்த வாரமும் வா என்று ஐயர் கூப்பிட்டார். பையன் தயங்கினான். அவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் போனபோது, அந்த அம்மாளே அவனைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்த் தம் கையால் சாப்பாடு போட்டார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐயரின் பெருந்தன்மையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அந்த இரண்டாவது அழைப்பு. முதல் தடவை நடந்தது யாருக்கும் சௌகரியமாக இல்லை. பையனுக்குச் சங்கடம், அம்மாளுக்குச் சங்கடம், ஐயருக்கும் இருந்திருக்கும். அத்தோடு விட்டிருந்தால், மூன்று பேர் மனத்திலும் ஒரு கசப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். உறவு என்பது இரண்டாவது தடவையில்தான் ஆரம்பித்தது.

அதே நூலில் வரும் மற்றொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், கோயில் அர்ச்சகரின் பிள்ளை பக்கத்தில் தொப்பி போட்ட பையன் உட்காரக்கூடாது என்று கலாமைப் பின்பெஞ்சுக்கு அனுப்பினார். அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, குழந்தைகள் மனத்தில் விஷத்தை விதைக்க வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னார். ஆசிரியரும் பிறகு மனம் மாறினார். சாஸ்திரிகளும் கலாமின் தகப்பனாரும் நெருங்கிய சிநேகிதர்கள். வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம்தான் வகுப்பில் நடந்த அநியாயத்தைச் சரி செய்தது.

இப்போது நம் குடும்பங்களுக்கு வருகிறேன். ஊர் விட்டு ஊர் மாற்றலாகிற மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகள் படிப்பு கெடக்கூடாது என்றுதான் 1963-ல் 20 பள்ளிகளோடு கேந்திரிய வித்யாலயங்கள் ஆரம்பிக்கப்பட்டன. இன்று அவை 1,200-க்கும் மேல். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பள்ளிகளை நம்பித்தான் ஜபல்பூரிலும் கௌஹாத்தியிலும் ஜாம்நகரிலும் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ரயில்வே, பாங்க், ராணுவக் கணக்கு இலாகா என்று போனோம். இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாகப் புனேக்கும் குருகிராமுக்கும் போகிறார்கள். பாடப்புத்தகம் எங்கே போனாலும் ஒன்றாக இருக்கிறது. ஆனால் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா கூட வருவதில்லை. புது ஊரில் உங்கள் குழந்தையைத் தினமும் ஐந்தாறு மணி நேரம் பார்க்கிற, வீட்டாரைச் சேராத பெரியவர் ஒருவர்தான். அவர் அதன் வகுப்பாசிரியர். அவரை நமக்குத் தெரியாது என்பது எவ்வளவு பெரிய குறை!

எப்படிப் பழகுவது என்று கேட்டால், நம் வீடுகளில் அதற்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறது. நவராத்திரி. கொலுவுக்கு வாருங்கள் என்று வகுப்பாசிரியையைக் கூப்பிடுங்கள். அவர் மராத்தியாக இருக்கட்டும், வங்காளியாக இருக்கட்டும், கிறிஸ்தவராக, முஸ்லிமாக, எந்த ஜாதியாகவும் இருக்கட்டும். கொலுவுக்குக் கூப்பிடுவதில் வேறு உள்நோக்கம் இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். விசாரணைக்கு வந்தது மாதிரியும் இருக்காது. குழந்தை தன் பொம்மையைத் தானே காட்டும். வகுப்பில் வாய் திறக்காத குழந்தை வீட்டில் எப்படிக் கலகலவென்று பேசுகிறது என்று ஆசிரியை பார்ப்பார். சுண்டலும் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் கொடுத்து, அவருக்கு இஷ்டமானதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் போதும். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட அன்றைக்குப் பேச வேண்டாம்.

கூப்பிடுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். திரும்பிப் போவதில்தான் நாம் கொஞ்சம் பின்தங்குகிறோம். அந்த ஆசிரியை துர்கா பூஜைக்கோ, கணபதிக்கோ, ஈத் பண்டிகைக்கோ, கிறிஸ்துமஸுக்கோ கூப்பிடும்போது ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கிறோம். சாப்பாட்டு நியமம் இருக்கிறவர்கள் அதைப் பணிவாகச் சொல்லிவிடலாம்; ஒரு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட எந்த நியமமும் குறுக்கே நிற்காது. போகாமலே இருப்பதற்கு மட்டும் நியமத்தைக் காரணம் காட்ட வேண்டாம். எதிராளிக்கு அது நியமமாகப் படாது. தன்னைத் தாழ்வாக நினைக்கிறார்கள் என்றுதான் படும். அப்படி நினைத்தால் அதில் தப்பும் இல்லை. ராமேஸ்வரத்து அம்மாள் ஒரே வாரத்தில் அந்தக் கதவைத் தாண்டி வந்தார். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாமும் தாண்ட வேண்டாமா?

இதனால் என்ன பலன் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் எதுவும் சொல்லப் போவதில்லை. வட மாநிலத்து ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி. அப்பாவுக்குப் புதிதாக மாற்றல். அம்மாவுக்கு ஹிந்தி வராது. கொலுவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த மாதம் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். தை மாதம் வாக்கில் அந்தப் பெண்ணின் நோட்டில் கையெழுத்து மாற ஆரம்பித்தது. குண்டு குண்டாக எழுதுகிறவள், கோடு மாதிரி எழுதினாள். விடைகள் எல்லாம் சரி, மார்க் குறையவில்லை. டிபன் டப்பா திறக்காமலே திரும்பிப் போவதையும் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மாமி, புகார் ஒன்றும் இல்லை. குழந்தை ஒரு வாரமாக மத்தியானம் சாப்பிடுவதில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "வீட்டிலேயும் சரியா சாப்பிடறதில்லை டீச்சர். நான்தான் கவனிக்காத மாதிரி இருந்துட்டேன். யார்கிட்டே சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சில மாதங்கள் பிடித்தன. பெண் நன்றாக இருக்கிறாள். நான் செய்தது ஒரு போன்தான். முன்பின் பழக்கம் இல்லாத வீட்டுக்கு அந்தப் போனைச் செய்திருந்தால், "என் பெண்ணைப் பற்றி என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். அதுவும் நியாயம்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். இன்னார்தான் பொறுப்பு என்று சொல்வது பாவம். ஆனால் குழந்தையிடம் தெரியும் சின்ன மாறுதலைப் பார்க்கிற கண்ணும், அதை வீட்டில் சொல்கிற வாயும் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.டி.யும் மருத்துவமும் நம் வீடுகளில் தினசரி மந்திரமாகிவிட்டன. அதற்காகப் பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, நாள் முழுக்கக் கோச்சிங் வகுப்புக்கு அனுப்புகிற வழக்கம் வந்திருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் நிலையங்களில் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில், வராத மாணவர்களைப் பதிவு செய்து வைத்திருந்ததற்காக டில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிப் படிக்கிற குழந்தைக்கு வகுப்பாசிரியர் என்று ஒருவரே இல்லை. அதன் கையெழுத்து மாறினால் யார் பார்ப்பார்கள்?

பழக வேண்டும் என்று சொன்னேன். எப்படிப் பழகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பரிசுப் பொருள். தீபாவளிக்கு ஒரு டப்பா பட்சணம் கொடுக்கலாம். பட்டுப்புடவையும் வெள்ளிக் கிண்ணமும் கொடுத்தால் அது பழக்கம் இல்லை, பேரம். நல்ல ஆசிரியர் அன்றிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கமே வர மாட்டார்.

இரண்டாவது, டியூஷன். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. பழக்கத்தை வைத்துக்கொண்டு, "நம்ம குழந்தைக்கு மட்டும் கொஞ்சம்" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். மார்க்கைப் பற்றியும் அப்படித்தான்.

மூன்றாவது, நேரம். ஆசிரியைக்கும் வீடு இருக்கிறது, மாமியார் இருக்கிறார், தேர்தல் வேலை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று கேட்பது உறவு ஆகாது.

நான்காவது, குழந்தையின் மானம். டீச்சர் வந்திருக்கிறார் என்று அவர் எதிரில், "இவன் வீட்டில் எப்படித் தெரியுமா" என்று புகார்ப் பட்டியல் வாசிக்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு வீடும் பள்ளியும் சேர்ந்து தனக்கு எதிராக நிற்பது போலத் தோன்றிவிடும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. 2012-ல் வந்த போக்சோ சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் இந்த விஷயத்தில் கவனமாக இருக்கின்றன, அது சரியே. சந்திப்பு எப்போதும் பெற்றோர் இருக்கும்போது, பள்ளிக்குத் தெரிந்து நடக்கட்டும். குழந்தையைத் தனியாக யார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம். போகக் கூடாது என்று பள்ளியில் விதி இருந்தால் அதை மதித்து, பள்ளி விழாவிலோ நூலகத்திலோ சந்தியுங்கள்.

கடைசியாக, ஊர் எது, கோத்திரம் என்ன, நம்மவரா என்ற விசாரணை. ஆசிரியரைப் பார்த்ததும் நம் நாக்கு துறுதுறுக்கும். தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். நம்மவராக இருந்தால் மட்டும் நெருங்குவது, இல்லாவிட்டால் எட்ட நிற்பது என்பதைக் குழந்தைகள் மிக வேகமாகப் புரிந்துகொள்கின்றன.

இந்தச் சபையில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளிலும் கேந்திரிய வித்யாலயங்களிலும் முதல் வகுப்பில் 25 சதவீத இடங்களில் ஏழைக் குழந்தைகள் சேருகிறார்கள். அவர்கள் பெற்றோர் பள்ளி கேட் வரை வந்து நின்றுவிடுவார்கள்; உள்ளே வரக் கூசுவார்கள். அவர்கள் நம்மைக் கொலுவுக்குக் கூப்பிட மாட்டார்கள். நாம்தான் முதலில் போக வேண்டும். அப்படி ஒரு பையன் வீட்டுக்கு, சக ஆசிரியை ஒருவரோடு நான் போயிருக்கிறேன். ஒரே அறை. இரும்புப் பெட்டியின் மேல் துணியை விரித்து உட்காரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கப் வாங்கி வந்து டீ கொடுத்தார்கள். குடித்தோம். பையன் வீட்டுப்பாடம் செய்யாததன் காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது: சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை அந்த அறையில் விளக்கடியில் அவன் அம்மா துணி தைத்துக்கொண்டிருப்பார். அவனுக்குப் பள்ளி முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது, அவன் அப்பா வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். அடுத்த பெற்றோர் சந்திப்பில், கேட்டில் நிற்காமல் உள்ளே வந்தார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போது, மாற்றலாகி வந்திருக்கும் குடும்பங்களுக்கும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு சாயங்காலச் சந்திப்பை ஒவ்வொரு கிளையும் நடத்தலாம். இரண்டு, அந்த ஊர் பாஷை தெரியாத தாய்மார்களோடு பள்ளிக்குக் கூடப் போய்ப் பேசி உதவ, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மற்ற பெரியவர்களும் முன்வரலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று, செப்டம்பர் 5-ல் நம் சங்கத்து ஆசிரியர்களுக்கு மட்டும் பொன்னாடை போர்த்துகிறோம். நம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிற எல்லா ஆசிரியர்களையும், எந்த ஜாதி, எந்த மதமானாலும், குடும்பத்தோடு அழைத்து மரியாதை செய்வோம். அடுத்த வருஷமும் அவர்களையே அழைப்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குழந்தையின் வகுப்பாசிரியர் முழுப்பெயர் என்ன, அவருக்குக் குழந்தைகள் உண்டா, எவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கு வருகிறார் என்று உங்கள் குழந்தையிடமே கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கு அனேகமாக எல்லாம் தெரிந்திருக்கும். பிறகு, நவராத்திரி வரை காத்திருக்காமல், ஒரு நாள் கூப்பிடுங்கள். வந்து போன பிறகு, மறுபடியும் கூப்பிடுங்கள்.